லேப்டாப் திரையில் கோடுகளா? சிப்பைச் சூடாக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய லேப்டாப்பின் திரையில் திடீரென்று கோடுகள் விழுகின்றனவா? நிறங்கள் மாறித் தெரிகின்றனவா? "கிராபிக்ஸ் சிப் போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் என் லேப்டாப்பில் இந்தக் கோளாறு வந்தது. நண்பர்கள் சொன்னபடி மதர்போர்டைக் கழற்றி, சிப்பின் மேல் ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினேன். திரை தெளிவானது. பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வாரம், பிராஜக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய இரவு, லேப்டாப் அடியோடு நின்றது. பேக்கப் எடுத்திருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நண்பனின் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் தப்பினேன்.

சென்ற மாதம் அப்பாவின் லேப்டாப்பிலும் அதே கோடுகள். சூடு கண்ட பூனையாகிய நான், இம்முறை வரிசையாகச் சோதித்தேன். நீங்களும் இப்படிச் செய்யுங்கள்.

1. திரை ஓரளவு தெரியும்போதே முக்கியமான பைல்களை பென் டிரைவில் காப்பி செய்துவிடுங்கள்.

2. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் கீயை அழுத்தி பயாஸ் திரைக்குச் செல்லவும். (கீ கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) அங்கேயும் கோடுகள் இருந்தால் விண்டோஸ் மீதோ டிரைவர் மீதோ குற்றமில்லை. பயாஸில் தெளிவாக இருந்து விண்டோஸில் மட்டும் கோடுகள் வந்தால், கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவிப் பாருங்கள்.

3. எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் டிவியை இணைத்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். டிவியிலும் அதே கோடுகள் என்றால் சிப் மீது சந்தேகம் வலுக்கிறது. டிவியில் படம் சுத்தமாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் திரையில் அல்லது டிஸ்ப்ளே கேபிளில்தான்.

4. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கோடுகள் மாறினால் கேபிளைச் சந்தேகிக்கலாம். அது கீல் வழியாகச் செல்வதால், திறந்து மூடித் தேய்கிறது.

அப்பாவின் லேப்டாப்பில் டிவி படம் பளிச்சென்று இருந்தது. மூடியை அசைத்ததும் கோடுகள் மறைந்து மீண்டும் வந்தன. கேபிளை மாற்றியதோடு வேலை முடிந்தது. பழைய நினைப்பில் சிப்பைச் சூடாக்கியிருந்தால் நல்ல மதர்போர்டும் போயிருக்கும்!

சரி, உண்மையிலேயே சிப் கோளாறு என்றால்? சிப்புக்குள்ளும் அதன் அடியிலும் மிகச்சிறிய சால்டர் இணைப்புகள் உள்ளன. பல வருடங்கள் சூடாகி ஆறும்போது அவை விரிசல் விடலாம். சூடு காட்டினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டலாம். ஆனால் நிலைக்காது. சிப்பை அல்லது மதர்போர்டை மாற்றுவதே நிரந்தர வழி.

சில லேப்டாப்களில் பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸும் தனி கிராபிக்ஸ் சிப்பும் இருக்கும். கெட்டது தனி சிப் என்றால், டிவைஸ் மேனேஜரில் அதை டிஸேபிள் செய்து பாருங்கள். பெரிய கேம்ஸ் சரியாக ஓடாமல் போகலாம், ஆனால் கடிதம் தட்டவும் படம் பார்க்கவும் லேப்டாப் உதவலாம்.

முதலில் டிவி கேபிளைக் கையில் எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிறகு!