ஆறு மாதம்கூட நிற்காத விலை

உங்கள் நிறுவனம் புதுப் பொருள் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. விலை பேசும் கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகுமுன் நின்டெண்டோ 3டிஎஸ் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். 1980இல் வந்த கேம் அண்ட் வாட்ச் காலத்திலிருந்தே கைக்கு அடக்கமான கேம் கருவிகளை விற்று வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கே சறுக்கியது.

2010 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில், கண்ணாடி போடாமலே முப்பரிமாணம் காட்டிய 3டிஎஸ்ஸுக்கு அமோக வரவேற்பு. விலையை உயர்த்தி வைக்க அந்த வரவேற்பு ஒரு காரணம் என்று தலைவர் சடோரு இவாடாவே பின்னர் சொன்னார். ஜப்பானில் 2011 பிப்ரவரி 26 அன்று 25,000 யென்னுக்கு வந்தது. அமெரிக்காவில் மார்ச் 27 அன்று 249.99 டாலர். அதற்கு முந்தைய டிஎஸ் 2004இல் அங்கே அறிமுகமானபோது 149.99 டாலர்தான்.

கண்காட்சியில் ரசித்தவர்கள் பெரும்பாலும் பத்திரிகையாளர்கள், தொழில்காரர்கள். அவர்கள் பையிலிருந்து பத்துக் காசு போகவில்லை. உங்கள் பொருளையும் நாலு பேரிடம் காட்டுவீர்கள். "இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் எல்லாரும் தாராள மனசோடுதான் பதில் சொல்வார்கள். "இதைப்போல கடைசியாக எதை வாங்கினீர்கள், என்ன விலைக்கு?" என்று கேளுங்கள். உண்மையான எண் அதில்தான் வரும்.

அடுத்த தவறு இன்னும் பெரிது. விலை முழுசாக இருந்தது. பெட்டிக்குள் இருந்தது பாதிதான். ஆட்டங்களை இறக்கிக்கொள்ளும் இணையக் கடையான இஷாப் ஜூனில்தான் திறந்தது. முதல் நாள் விற்பனையில் மரியோ இல்லை. 'சூப்பர் மரியோ 3டி லேண்ட்' நவம்பரில் வந்தது, 'மரியோ கார்ட் 7' டிசம்பரில். பந்திக்கு இலை போட்டுவிட்டு, உலையில் இனிமேல்தான் அரிசி போடுகிற கதை. கூட்டத்தில் ஒரு பட்டியல் கேளுங்கள்: விற்பனை தொடங்கும் காலையில் என்னென்ன வேலை செய்யும்? "சீக்கிரம் வரும்", "அடுத்த அப்டேட்டில்" என்பவற்றை எல்லாம் பேனாவால் அடியுங்கள். மிச்சமிருப்பது அந்த விலைக்குப் பெறுமா? பெறாவிட்டால் தேதியைத் தள்ளுங்கள், அல்லது விலையைக் குறையுங்கள்.

அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் உலகம் முழுக்க விற்றது சுமார் 7,10,000 கருவிகள். அந்த நிதியாண்டுக்கு அவர்கள் வைத்திருந்த இலக்கோ 1.6 கோடி.

இதற்குப் பின் நின்டெண்டோ செய்ததை நான் மெச்சுகிறேன். ஜூலை 28 அன்று அறிவித்து, ஆகஸ்டில் 169.99 டாலராகவும் 15,000 யென்னாகவும் இறக்கினார்கள். பழைய விலைக்கு வாங்கியவர்களுக்கு 20 பழைய ஆட்டங்கள் இலவசம். இவாடா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். அந்த நிதியாண்டு 4,320 கோடி யென் நிகர நட்டத்தில் முடிந்தது. ஆனாலும் கருவி பிழைத்தது. பல அலுவலகங்களில் இப்படி விலையைத் திருத்துவது நடக்காது. விலை தவறு என்று முதலில் சொல்பவர் யார் என்பதிலேயே இரண்டு காலாண்டு ஓடிவிடும். ஆகவே விற்பனைக்கு முன்பே எழுதி வையுங்கள்: எத்தனையாவது வாரத்தில் எந்த எண்ணுக்குக் கீழே போனால் விலையில் கை வைப்போம், முதலில் வாங்கியவர்களுக்கு என்ன தருவோம். அப்போது யாருடைய மானப் பிரச்சினையாகவும் அது ஆகாது.

சோனியின் கையடக்க கேம் கருவியான வீட்டா வேறு மாதிரி அடிபட்டது. 2011 ஜூனில் 249 டாலர் என்று அறிவித்தபோது 3டிஎஸ்ஸும் அதே விலையில் இருந்தது. 2012 பிப்ரவரியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோதோ எதிராளி 80 டாலர் கீழே நின்றான். அதைக்கூடச் சமாளித்திருக்கலாம், ஆட்டங்கள் நன்றாகவே இருந்தன. கவிழ்த்ததில் மெமரி கார்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன். வீட்டாவுக்கென்றே தனியாகச் செய்த கார்டு அது, வேறெதுவும் பொருந்தாது. 32 ஜிபி கார்டின் விலை 99.99 டாலர்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். உங்கள் பொருளை வாங்குகிறவர் முதல்முறை பயன்படுத்தும்வரை மொத்தம் எவ்வளவு செலவழிக்கிறார் என்று ஒருமுறை நீங்களே கடைக்குப் போய், பில் போட்டுப் பாருங்கள். சார்ஜர், கார்டு, சந்தா எல்லாம் சேர்த்து. அந்தக் கூட்டுத்தொகைதான் உங்கள் விலை.

கடைக்காரரையும் மறக்காதீர்கள். 2009இல் சோனியின் இன்னொரு கைக்கருவியான பிஎஸ்பி கோ, டிஸ்க் போடும் வசதியே இல்லாமல் 249.99 டாலருக்கு வந்தது. டிஸ்க் போடும் பிஎஸ்பி 3000 அப்போது 169.99 டாலர். கருவியில் கடைக்குக் கிடைப்பது சொற்பம், ஆட்டங்களை விற்றால்தான் காசு. அதுவும் இணையத்துக்குப் போய்விட, சில கடைகள் அதை வாங்கி வைக்கவே மறுத்தன.

3டிஎஸ் வகைக் கருவிகள் கடைசிவரை 7.59 கோடி விற்றன. வீட்டா மொத்தம் எத்தனை விற்றது என்ற இறுதிக் கணக்கைச் சோனி தனியாக வெளியிடவே இல்லை.