நாயின் எடையும் மருந்தின் அளவும்



நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நாயில்லாத லயம் ஒன்றைக் காண்பது அரிது. செம்பனை இருக்குமிடத்தில் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்பைக் கண்டு முதலில் குரைப்பது வாசலில் படுத்திருக்கும் நாயே ஆகும். இவ்வளவு உதவும் உயிருக்கு நாம் உண்ணியையும் புழுவையும் போக்கும் முறை மட்டும் பெரும்பாலும் தவறாகவே இருக்கின்றது.

நான் மூன்றாம் ஆண்டில் பயின்றபோது எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. அதன் காதுகளில் உண்ணிகள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. கொக்கோச் செடிகளுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தை ஒருவர் பால்மாவு டின்னில் கொண்டுவந்து கொடுத்தார். காசில்லாமல் கிடைத்ததே என்று என் தந்தையார் அதைத் தண்ணீரில் கலந்து மணியைக் குளிப்பாட்டினார். உண்ணிகள் உதிர்ந்தன. சற்று நேரத்தில் மணியின் வாயில் நுரை வழிந்தது, கால்கள் நடுங்கின, பொழுது சாயுமுன் அது இறந்துவிட்டது. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துகள் பல பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. நாய்க்கும் நரம்பு உண்டு. மருந்து தோல் வழியே உள்ளே செல்லும். நக்குவதால் வாய் வழியும் செல்லும். குளிப்பாட்டிய என் தந்தையாரின் கைகளும் அன்று அந்த நீரில்தான் நனைந்திருந்தன.

சொறி பிடித்த நாய்க்கு மோட்டார் வண்டியின் பழைய எண்ணெயைப் பூசும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அதையும் நாய் நக்கியே தீரும். பூண்டு அரைத்து ஊட்டுவோரும் உளர். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. இவற்றை மலிவு என்பது தவறு.

அப்படியானால் மலிவானது எது? கையில் உள்ள பணம் சிறிதாயின், முதலில் அதைக் குடற்புழுவிற்குச் செலவிடுங்கள். ஏனெனில் அது நாயோடு நில்லாமல் குழந்தைகளிடமும் வருவது. கொக்கிப்புழு என்ற பெயர் தோட்ட மக்களுக்குப் புதிதன்று. செருப்பின்றிப் பால்மரம் சீவச் சென்ற நம் முன்னோரின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கியது அதுவே. நாய்களிடம் காணப்படும் கொக்கிப்புழுக்களுள் ஒருவகைக்கு ஆன்சிலோஸ்டோமா சிலானிக்கம் என்று பெயர். சிலோன் என்ற நாட்டின் பெயர் அதில் இருப்பதைக் கவனியுங்கள். நாய், பூனை, மனிதர் ஆகிய மூவரின் குடலிலும் அது வாழவல்லது. 2012-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, மலேசியக் கிராமப்புற மக்களிடமும் அவர்களைச் சூழ்ந்த நாய் பூனைகளிடமும் இப்புழு இருப்பதை எடுத்துக்காட்டியது.

நாயின் மலத்தில் வெளிவரும் முட்டை, ஈரமண்ணில் ஓரிரு நாளில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெறுங்காலைத் துளைக்கும் புழுவாக மாறுகின்றது. ஆகையால் நாள்தோறும் மலத்தை அள்ளிக் குழியிலிட்டு மூடினால் புழுவின் பிழைப்பில் மண் விழுந்தது எனலாம். இதற்கு ஒரு மண்வெட்டி போதும். பிள்ளைகளுக்குச் செருப்பும் வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை, பைரண்டல் என்பது கொக்கிப்புழுவையும் உருண்டைப்புழுவையும் போக்கும் பழமையான, விலை குறைந்த மருந்து. குடலிலிருந்து உடலுக்குள் அது மிகக் குறைவாகவே சேர்வதால் இரண்டு வாரக் குட்டிக்கும் கொடுக்கலாம். குட்டிகள் தாயின் வயிற்றிலேயே உருண்டைப்புழுவையும், தாய்ப்பாலின் வழியே கொக்கிப்புழுவையும் பெறுகின்றன. எனவே இரண்டாம் வாரத்தில் தொடங்கி, இரு வாரத்திற்கு ஒருமுறையாக எட்டாம் வாரம்வரை கொடுக்கவேண்டும். தாய்நாய்க்கும் அதனுடன் சேர்த்தே கொடுக்கவேண்டும். பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை. வாலருகே அரிசிபோன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. அதற்குப் பிராசிகுவாண்டல் சேர்ந்த மாத்திரை வேண்டும். தெள்ளுப்பூச்சியை நாய் விழுங்குவதால் வருவது அது. தெள்ளு இருக்கும்வரை மீண்டும் வரும்.

அடுத்தது உண்ணி. உண்ணிகளுள் பெரும்பகுதி எப்போதும் நாயின்மேல் இருப்பதில்லை, சுவரில் இருக்கின்றது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, வெடிப்பொன்றில் புகுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆதலால் நாய்க்கு மட்டும் மருந்திட்டு, படுக்குமிடத்தை விட்டுவிடுவது பணத்தை ஆற்றில் கொட்டுவதற்கு ஒப்பாகும். வெடிப்புகளைச் சிமெந்து பூசி அடையுங்கள். சாக்குப் படுக்கையைக் கொதிநீரில் அலசுங்கள். நாயின்மேல் உள்ளதைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சவர்க்கார நீரில் போடவேண்டும். நகத்தால் நசுக்குவதும் சிகரெட்டால் சுடுவதும் கூடா.

உண்ணியை அற்பமாக எண்ணவேண்டா. 1963-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்களிடையே, மூக்கில் குருதி வடிந்து இறக்கும் நோயொன்று பரவியது. பின்னர் வியட்னாம் போரில் அமெரிக்க இராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் அதற்குப் பலியாயின. எர்லிக்கியா என்னும் கிருமி உண்ணி வழியே செலுத்திய நோய் அது. இன்றும் நம் நாட்டு நாய்களுக்கு வருகின்றது. காய்ச்சல், உணவு வெறுத்தல், ஈறு வெளுத்தல் ஆகியவற்றைக் கண்டால் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

உண்ணிக்குக் கழுத்தில் சொட்டுவிடும் மருந்தும் விழுங்கும் மாத்திரையும் உள்ளன. மாத்திரை விலை அதிகமெனினும் சில வகைகள் ஏறத்தாழ மூன்று மாதம் பயன் தரும். மாதக் கணக்கிட்டுப் பார்த்தே ஒப்பிடவேண்டும். வலிப்பு கண்ட நாயாயின் மருத்துவரிடம் முன்னரே கூறுங்கள். சொட்டுமருந்து வாங்கினால் உறையைப் படியுங்கள்: பெர்மெத்ரின் என்றிருந்தால், அதைப் பூனைமேல் இடக்கூடாது; மருந்து ஈரமாக இருக்கும் நாயோடு பூனையைப் படுக்கவும் விடக்கூடாது. அது பூனையைக் கொல்லும்.

கொசுவால் வரும் இதயப்புழு மூன்றாவது. ஒரு சாண் நீளத்திற்கும் மேலாக வளர்ந்து இதயத்தருகே குடியிருக்கும் புழு அது. வந்தபின் போக்குவது கடினமும் பெருஞ்செலவுமாகும். தடுப்பதோ மாதத்திற்கு ஒரு மாத்திரை. ஆறு மாதம் கடந்த நாய்க்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். இம்மாத்திரைகள் பலவற்றில் இருப்பது ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து அது; அதற்காக ஒமுராவும் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தோட்டத்தில் மாடு வளர்ப்போரிடம் இதே மருந்து ஊசி வடிவில் கிடைப்பதால், சிலர் அதை நாய்க்கும் ஊற்றுகின்றனர். இங்கே கணக்குப் பாடம் உதவும். இதயப்புழுவைத் தடுக்க, ஒரு கிலோ எடைக்கு மாதம் 6 மைக்ரோகிராம் போதும். 10 கிலோ நாய்க்கு 60. மாட்டு மருந்தின் ஒரு மில்லிலீட்டரில் 10,000 மைக்ரோகிராம் உண்டு. ஒரு மில்லிலீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் ஆறு பங்கை எந்தக் கரண்டியால் அளப்பது? முழு மில்லிலீட்டரும் கொடுத்தால் அது ஏறத்தாழ 167 மடங்கு. கோல்லி இன இரத்தம் கலந்த நாய்க்கு அதில் பத்தில் ஒரு பங்கே நஞ்சாகலாம். நம் லயத்து நாய்க்கு எந்த இரத்தம் கலந்துள்ளது என்று யார் சொல்வார்?

எந்த மருந்தாயினும் எடை தெரியாமல் வாங்காதீர்கள். அளவு மிகுந்தால் ஆபத்து. குறைந்தால் காசு வீண். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வேனில் நாய்களைப் பட்டணத்து மருத்துவரிடம் கொண்டுசென்றால் பயணச் செலவும் குறையும்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்கு: தந்தை தராசில் நின்றால் 64 கிலோ, நாயைத் தூக்கிக்கொண்டு நின்றால் 76.5 கிலோ. நாயின் எடை என்ன? அதற்கு மாதம் எத்தனை மைக்ரோகிராம் வேண்டும்? உங்கள் வீட்டு நாயையும் இவ்வாறே நிறுத்து, விடைகளை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.