அவயக் கோழிக்குத் தனி இடம் கொடுங்கள்

முட்டையிட ஓர் இடம், அவயம் காக்க, அதாவது முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்க, ஓர் இடம், பொழுது சாய்ந்தால் அடைய ஓர் இடம். வீட்டுக் கோழிக்கு இந்த மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், கொல்லையில் ஒரு முருங்கை மரமும் கொஞ்சம் மண்ணும் இருக்கிற வீட்டில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். மூன்று இடமும் தனித்தனியே வேண்டும் என்பதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நஷ்டம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

மாசி மாதம் அவயம் வைக்க நல்ல காலம், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சாம்பல் நிறக் கோழி ஒன்றுக்கு, இட்டு ஒரு வாரம் தாண்டாத முட்டையாகப் பார்த்துப் பன்னிரண்டு வைத்திருந்தேன். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் கோழிகளை நாத்தனார் பொறுப்பில் விட்டுப் போனோம். மற்றக் கோழிகள் அன்றாடம் இட்ட முட்டைகளையும் அவர் அதே கூடையில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். “உட்கார்ந்திருக்கிற கோழிதானே, எல்லாத்தையும் பொரிச்சுத் தரட்டும்” என்பது அவர் கணக்கு.

கோழி அப்படிப் பொரிக்காது. அவயத்தில் வைத்த நாளிலிருந்து 21 நாளில் குஞ்சு வரும். முதல் குஞ்சு ஓட்டை உடைத்த பிறகு தாய் ஒன்றிரண்டு நாள்தான் கூடையில் காத்திருக்கும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்துக் குஞ்சு அதுவரை தீனியில்லாமல் தாங்கும். அதற்குமேல் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ச்சலுக்கு இறங்கிவிடும். பிந்தி வைத்த முட்டைகளை அது திரும்பிப் பார்க்காது. அது மட்டுமில்லை, கூடை நிறைய முட்டை கிடந்தால் கோழியின் வயிற்றுச் சூடு எல்லாவற்றுக்கும் எட்டாது. இன்று ஓரத்தில் கிடந்து ஆறிய முட்டை நாளை நடுவுக்கு வரும், நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகும். அதனால் நல்ல முட்டைகளும் சேர்ந்து கெட்டன. எங்கள் வீட்டில் பொரித்தது மூன்று குஞ்சு. மீதியை உடைத்துப் பார்த்தபோது சிலவற்றில் இறகு முளைத்த குஞ்சே செத்துக் கிடந்தது. கோழிக்கு ராசியில்லை என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோழியிடம் ஒரு குறையும் இல்லை என்று இங்கே எழுதியே வைக்கிறேன்.

ஆகவே அவயக் கோழியைத் தனியே பிரியுங்கள். பகலில் தூக்கிப் போனால் பழைய இடத்துக்கே ஓடிவிடும். இருட்டிய பிறகு தூக்கி, இருட்டான மூலையில் வைக்கோலோ மணலோ போட்ட கூடையில் உட்கார்த்துங்கள். வைக்கிற முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள், கோடு இல்லாத முட்டையைக் கண்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஏழாம் நாள் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தால் கரு பிடித்த முட்டையில் சிவப்பு நரம்பு ஓடும். நாளுக்கு ஒருமுறை கோழி தானே இறங்கித் தீனி தின்று, எச்சம் போட்டு, மண்ணில் புரளும். அந்த மண்ணில் அடுப்புச் சாம்பல் கலந்துவிட்டால் பேன் தொல்லை குறையும். அக்னி நட்சத்திரத்தில், அதுவும் தகரக் கூரையின் கீழ், அவயம் வைக்கவே வைக்காதீர்கள்.

அடைகிற பழக்கத்தையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். கோழிக்குக் காட்டுப் பூர்வீகம், இருட்டுவதற்குள் உயரமான கிளையைத் தேடும். கூட்டில் ஏறி உட்காரக் கம்பு இல்லையென்றால் முட்டைக் கூடையில்தான் தூங்கும். கூடை நாறும், அவயக் கோழியோடு சண்டையும் வரும். இரண்டு அங்குலக் கனத்தில் மேல்பக்கம் தட்டையான கட்டையை முட்டைக் கூடையைவிட உயரத்தில் கட்டுங்கள். தாழக் கட்டினால் கூடைக்கே போகும். முருங்கையில் அடையும் கோழியைப் பூனையும் மரநாயும் விடாது. அப்படிப் பழகிய கோழியை ஒரு வாரம் கூட்டிலேயே அடைத்து வையுங்கள், பிறகு தானாக வந்துவிடும். 1999-இல் பேருந்து நிலையம் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் இரவு முழுக்க வெளிச்சம். விளக்குப் பக்கம் பார்த்த கூட்டில் கோழிகள் வெகுநேரம் அடையாமல் சுற்றின. சாக்கைக் கட்டித் திரை போட்ட பிறகுதான் நேரத்துக்கு ஏறுகின்றன.



குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்கிறவர்கள் அவயத்தைக் கலைக்கப் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் இன்னமும் கோழியைத் தண்ணீரில் முக்குகிறார்கள், மூக்கில் இறகைக் குத்திவிடுகிறார்கள். இது வைத்தியமே இல்லை, வதை. அவயத்துக்கு உட்காரச் செய்வது புரோலாக்டின் என்ற ஹார்மோன். வயிற்றுக்கடியில் சூடும் மெத்தையும் இருக்கும்வரை அது அடங்காது. அடியில் கம்பி வலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் வெளிச்சமும் கொடுத்து மூன்று நான்கு நாள் விட்டால் காற்று பட்டு வயிறு குளிரும், கோழி தெளிந்துவிடும். பெரும்பாலும் சில வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். அந்தப் பொறுமையும் இல்லாதவர்கள் அவயத்துக்கு அவ்வளவாக உட்காராத வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்களை வாங்கட்டும், சிறுவிடையை வாங்க வேண்டாம்.

உங்கள் கோழி இறகை உப்பிக்கொண்டு குறுகுறுக்க ஆரம்பித்ததும் யாராவது வாளியும் இறகுமாக வருவார்கள். கொல்லைப்பக்கமே அவர்களை விடாதீர்கள்.