புதிய திருத்தந்தையைப் பழகிக்கொள்வது

2025 ஏப்ரல் 21, பாஸ்கா ஞாயிறுக்கு மறுநாள், திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். அதற்குப் பிறகு வந்த திருப்பலிகளில், திருத்தந்தைக்காக மன்றாடும் இடத்தில் எங்கள் பங்குத்தந்தை யார் பெயரையும் சொல்லாமல் நேராக ஆயரின் பெயருக்குப் போனார். பிரான்சிஸ் என்பது பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே கேட்ட பெயர். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பங்கில் மறைக்கல்வி வகுப்பும் அன்பியக் கூட்டமும் நடத்துகிறவள் நான். இறந்தவருக்காக அழுதுகொண்டிருக்கும் மக்கள் வந்தவரை எப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்பதை அந்தச் சில வாரங்களில் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மே 8 அன்று நம் நேரப்படி இரவு ஒன்பதரை மணியைத் தாண்டி, புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்லும் வெண்புகை வந்தது. சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில், புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு கடற்காக்கை குஞ்சோடு நின்றதைத்தான் நேரலையில் எங்கள் பிள்ளைகள் முதலில் கண்டுபிடித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பெயர் வந்தது: ராபர்ட் பிரான்சிஸ் பிரவோஸ்ட், இனி பதினான்காம் லியோ. அமெரிக்காவில் பிறந்த முதல் திருத்தந்தை. நள்ளிரவுக்குள் வாட்ஸ்அப்பில் தீர்ப்புகள் குவிந்துவிட்டன. 2013இல் பிரான்சிஸ் வெறும் வெள்ளை அங்கியோடு மாடத்துக்கு வந்தார், இவர் சிவப்பு மேலாடையும் போட்டிருக்கிறாரே, அப்படியானால் பழைய பாதைக்குத் திரும்புகிறாரா என்று ஒரே விவாதம். ஒரு துணியை வைத்து ஒரு மனிதரை எடைபோடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பிரான்சிஸோடு இவரை ஒப்பிட்டு ஒன்றும் சொல்வதில்லை, இவர் யாரோடு வாழ்ந்தார் என்பதை மட்டும் கேட்போம் என்று அந்த வாரக் கூட்டத்தில் சொன்னேன். உங்கள் பங்கிலும் இதைச் செய்து பாருங்கள், பேச்சின் போக்கே மாறிவிடும்.

சிகாகோவில் 1955இல் பிறந்த அகுஸ்தீன் சபைத் துறவி. 1985இல் பெரு நாட்டுக்குப் போனவர். இடையில் சபையின் உலகத் தலைவராகப் பன்னிரண்டு ஆண்டுகள் உரோமையில் இருந்துவிட்டு, அதே பெருவுக்குத் திரும்பி சிக்லாயோ மறைமாவட்ட ஆயரானார். அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். ரப்பர் பூட்ஸோடு அவர் வெள்ளநீரில் நிற்கும் படம் ஒன்று உண்டு. அதை அன்பியத்தில் காட்டியபோது, எங்கள் ஊரில் 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தில் வீட்டுச் சாமானை எல்லாம் இழந்த ஓர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “டீச்சர், இவரும் தண்ணிக்குள்ள நின்ன ஆளுதான்” என்றார். அதற்கப்புறம் அங்கே சிவப்பு மேலாடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

செய்தித் துணுக்குகளை நம்பாமல் முதல் உரையை முழுதாகக் கேளுங்கள். உயிர்த்த ஆண்டவரின் அமைதி வாழ்த்தோடு அவர் தொடங்கினார். ஆயுதம் ஏந்தாத, பிறரையும் ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்கிற அமைதியைப் பற்றிப் பேசினார். இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் ஸ்பானிய மொழிக்கு மாறி, தம் சிக்லாயோ மக்களை வாழ்த்தினார். முடிவில் கூட்டத்தோடு சேர்ந்து மங்கள வார்த்தை செபம் சொன்னார். மொழி புரியாவிட்டாலும் செபம் பிடிபட்டுவிட, எங்கள் பிள்ளைகள் தமிழில் கூடவே சொன்னார்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவர் எடுத்துக்கொண்ட பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் தொழிலாளருக்கு நியாயமான கூலி, ஓய்வு, சங்கம் சேரும் உரிமை ஆகியவற்றுக்காகப் பேசியது. முக்கியமாக அந்த நினைவாகத்தான் இந்தப் பெயர் என்றும், இன்று செயற்கை நுண்ணறிவு வேலைகளைப் புரட்டிப்போடும் காலத்தில் மனித மாண்பைக் காக்கவேண்டும் என்றும் மே 10 அன்று கர்தினால்களிடம் புதியவரே சொன்னார். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள். உப்பு வெளிச்சத்தில் கண் கூசக்கூச உழைத்து, மழைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள். கூலியைப் பற்றி ஒரு திருத்தந்தை எழுதினார் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதே பதின்மூன்றாம் லியோதான் 1886இல் இந்தியாவில் முறையான மறைமாவட்ட அமைப்பை ஏற்படுத்தினார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மண்ணின் மைந்தர்களே குருக்களாகவேண்டும் என்று 1893இல் கண்டியில் ஒரு குருமடத்தையும் தொடங்கினார். 1955இல் அது புனேவுக்கு இடம் மாறியது. லியோ என்ற பெயர் நமக்கு அந்நியமில்லை.

பொய்க் காணொளிகளிடமும் கவனமாக இருக்கவேண்டும். பதவியேற்ற மாதத்திலேயே அவர் சொல்லாததை அவர் குரலில் சொல்லவைத்த காணொளிகள் சுற்றிவந்தன. வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பணியில் வராத எதையும் எங்கள் குழுவில் பகிர்வதில்லை.

எங்கள் அன்பியத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். செபமாலை முடிந்ததும் திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை, ஒரு திரித்துவப் புகழ் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டார். உரோமையில் திருத்தந்தை இல்லாத நாள்களில் வரப்போகிறவருக்காக அதையே சொன்னார். ஆளைத் தெரிந்துகொண்டபின் அன்பு காட்டலாம் என்று காத்திருக்கும் படித்தவர்களைவிட இவர் எனக்குப் பெரிய ஆசிரியர்.

2025 அக்டோபரில் ‘திலெக்ஸி தே’ வந்தது. ஏழைகள்மீதான அன்பைப் பற்றி பிரான்சிஸ் எழுதத் தொடங்கியதை லியோ நிறைவுசெய்து வெளியிட்டார். இரண்டு பேரில் யார் பெரியவர் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. எங்கள் ஆசிரியை ஒருவர் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விளக்க, மாதக் கூட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வருகிறோம். ஏழைக்கு முதலில் வேண்டியது வேலை, அது கிடைக்காத நேரத்தில் தருமத்தையும் நிறுத்தக்கூடாது என்று சொல்லும் பகுதியில் வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது. மழைக்காலத்தில் உப்பளக் குடும்பங்களுக்கு அரிசி மட்டும் கொடுத்துவந்த நாங்கள், இப்போது வேறு வேலை தேடித்தரவும் வீடுவீடாகப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம்.