அம்மீட்டரைத் தொடரில் இணைப்பது ஏன்? விமானப் பராமரிப்புக் கூடம் சொல்லும் பாடம்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்தும் நாம் அனைவரும் ஒரு வரியைத் தவறாமல் சொல்கிறோம். அம்மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பில் இணைக்க வேண்டும். மாணவர்களும் அதைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். என்னிடம் படித்து, பிளஸ் டூ முடித்து, இப்போது விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்காகப் பயிற்சி பெற்றுவரும் பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் பள்ளிக்கு வந்திருந்தார். "சார், அந்த வரியை எழுதி முழு மார்க் வாங்கிட்டேன். ஆனா அது எதுக்குன்னு ஹேங்கருக்குப் போன பிறகுதான் சார் புரிஞ்சுது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஹேங்கர் என்பது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் பெரிய கூடம். அங்கே அவர் கையாளும் கருவிகளைப் பற்றிக் கேட்கக் கேட்க, நம் பாடநூலின் அதே அத்தியாயம் வேறு உடையில் நிற்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு சிறு அறிமுகம். பயணிகள் விமானங்களில் இரண்டு வகை மின்வழங்கல் உண்டு. ஒன்று 28 வோல்ட் நேர்திசை மின்னோட்டம்; இதற்குத் துணையாகப் பெரும்பாலும் 24 வோல்ட் மின்கல அடுக்கு இருக்கும். மற்றொன்று 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். நம் வீட்டில் 50 ஹெர்ட்ஸ். விமானத்தில் ஏன் 400 என்று மாணவர்கள் கேட்பார்கள். அதிர்வெண் கூடும்போது மின்மாற்றியும் மோட்டாரும் சிறிதாகவும் எடை குறைவாகவும் அமைகின்றன. விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு அல்லவா?

ஒரே சுருள், இரண்டு வேடம்

முள் வைத்த மீட்டரைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு நிலைக்காந்தம். அதன் துருவங்களுக்கு நடுவே மெல்லிய கம்பியால் சுற்றிய இலேசான சுருள். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலம் அதைத் திருப்புகிறது. முடியைப் போன்ற வில்சுருள் அதை எதிர்க்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் தார்சன்வால் 1880களில் செம்மைப்படுத்திய அமைப்பு இது. இன்றும் பல சிறிய விமானங்களின் விமானி அறையில் இந்த முள்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சுருளுக்கு வோல்ட்டும் தெரியாது, ஓமும் தெரியாது. தன் வழியே எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதுவும் மிகச் சிறிய மின்னோட்டம். கணக்குக்காக, சுருளின் மின்தடை 50 ஓம் என்றும், 1 மில்லி ஆம்பியரில் முள் கடைசிக் கோட்டைத் தொடும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது சுருளின் முனைகளுக்கு இடையே 50 மில்லி வோல்ட் இருக்கும்.

விமான மின்னாக்கி 300 ஆம்பியர் தருகிறது. 1 மில்லி ஆம்பியரைத் தாங்கும் சுருள் அதை எப்படி அளக்கும்? இங்கேதான் பிளஸ் டூ பாடத்தில் வரும் இணைத்தட மின்தடை வேலை செய்கிறது. மின்னாக்கியின் தடித்த கம்பியோடு தொடராக ஓர் உலோகப் பட்டையை வைக்கிறார்கள். 300 ஆம்பியர் போகும்போது அதன் முனைகளுக்கு இடையே சரியாக 50 மில்லி வோல்ட் வர வேண்டும். ஓம் விதிப்படி அதன் மின்தடை 0.05 ÷ 300, அதாவது ஏறத்தாழ 0.000167 ஓம். இந்தப் பட்டை மின்னாக்கிப் பக்கத்திலேயே இருந்துவிடும். விமானி அறைக்கு வருவது இரண்டு மெல்லிய கம்பிகள் மட்டும். 300 ஆம்பியர் தாங்கும் கம்பியை அவ்வளவு தூரம் இழுத்து வர வேண்டியதில்லை. விமானி பார்க்கும் 'அம்மீட்டர்' உண்மையில் ஒரு மில்லிவோல்ட்மீட்டர் என்று அந்த மாணவர் சொன்னபோது, இத்தனை ஆண்டுகளில் நான் அதை அப்படி யோசித்ததே இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.

அதே சுருளை 30 வோல்ட் வரை அளக்க வைக்க வேண்டுமா? 30 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் மட்டும் பாய மொத்த மின்தடை 30,000 ஓம் வேண்டும். சுருளின் 50 ஓம் போக, 29,950 ஓம் தொடராகச் சேர்த்தால் போதும்.

இப்போது பழைய வரியைத் திரும்பப் பாருங்கள். வோல்ட்மீட்டரைத் தவறாகத் தொடரில் வைத்தால் 30,000 ஓம் குறுக்கே நிற்கும். விளக்கு எரியாது, வேறு கெடுதல் இல்லை. ஆனால் 10 ஆம்பியர் அம்மீட்டரின் மின்தடை 0.005 ஓம்தான். அதை மின்கல அடுக்கின் இரு முனைகளில் வைத்தால், அது மீட்டராக இருக்காது. ஒரு குறுக்குச் சுற்றாக இருக்கும். விமான மின்கல அடுக்கு அந்த நொடியில் பல நூறு ஆம்பியரைத் தள்ளக்கூடியது. மீட்டர் போகும், அதைப் பிடித்திருக்கும் கையும் புண்ணாகும்.

வோல்ட்மீட்டரைச் சரியாகப் பக்க இணைப்பில் வைத்தாலும் அது சுற்றைக் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. 28 வோல்ட்டில் இரண்டு 30,000 ஓம் மின்தடைகள் தொடராக இருக்கின்றன என்று கொள்வோம். ஒன்றின் மீது 14 வோல்ட் இருக்க வேண்டும். மேலே சொன்ன முள் மீட்டரை வைத்தால் 9.3 வோல்ட்தான் காட்டும். ஏனெனில் மீட்டரே இன்னொரு 30,000 ஓம் பாதையாகிவிடுகிறது. 10 மெகா ஓம் உள் மின்தடை கொண்ட டிஜிட்டல் மீட்டர் 13.98 காட்டும். மின்னணுச் சுற்றுகளில் முள் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

28 வோல்ட் காட்டுகிறது, விளக்கு ஏன் மங்குகிறது?

அந்த மாணவர் கேட்ட கேள்வி இது. ஓர் இறங்கு விளக்கு மங்கலாக எரிகிறது. விளக்கைக் கழற்றிவிட்டு, அதன் இணைப்பியில் மீட்டரை வைத்தால் 28 வோல்ட் முழுதாக வருகிறது. கம்பி நன்றாக இருக்கிறது என்று புது விளக்கை மாட்டினால் அதுவும் மங்குகிறது. கோளாறு எங்கே?

எண்களை வைத்துப் பார்ப்போம். 28 வோல்ட், 250 வாட் விளக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். எரியும்போது அதன் மின்தடை சுமார் 3.1 ஓம். வழியில் ஓர் இணைப்பி ஈரத்தால் அரித்துப்போய் 1 ஓம் மின்தடை பெற்றுவிட்டது. விளக்கைக் கழற்றினால் மின்னோட்டமே இல்லை. மீட்டர் எடுக்கும் துளி மின்னோட்டத்துக்கு 1 ஓம் ஒரு பொருட்டா? எனவே 28 வோல்ட் காட்டும். விளக்கை மாட்டியதும் மொத்தம் 4.1 ஓம், மின்னோட்டம் 6.8 ஆம்பியர். விளக்கின் சூடு குறையும்போது அதன் மின்தடையும் சிறிது மாறும். அதை இங்கே விட்டுவிடுவோம். விளக்குக்குக் கிடைப்பது 21 வோல்ட்தான். மீதி 6.8 வோல்ட் அந்த அரித்த இணைப்பியில் விழுகிறது. 6.8 × 6.8, சுமார் 46 வாட். ஒரு பற்றவைப்புக் கோலின் வெப்பம், கம்பிக் கற்றைகளுக்கு நடுவே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில்! விளக்கு மங்கியது சின்ன விஷயம். அந்த 46 வாட்தான் கவலை.

அதனால் விமானப் பராமரிப்பில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்கிறார்கள். வோல்ட்மீட்டரின் இரு முனைகளையும் இணைப்பியின் இரு பக்கமும் வைத்தால், நல்ல இணைப்பில் ஏறத்தாழ சுழியம் வர வேண்டும். மின்வழங்கும் இடத்திலிருந்து கருவி வரையுள்ள கம்பியில் எவ்வளவு இழக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அமெரிக்க விமான நிர்வாகத்தின் வழிகாட்டிப்படி 28 வோல்ட் சுற்றில், தொடர்ந்து இயங்கும் கருவிக்கு 1 வோல்ட். விட்டு விட்டு இயங்குவதற்கு 2 வோல்ட்.

மூன்று மில்லி ஓமை எப்படி அளப்பது?

சிறகு, கதவு, எரிபொருள் குழாய் என்று விமானத்தின் உலோகப் பாகங்கள் எல்லாம் பின்னல் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். பராமரிப்பாளர்கள் இதை பாண்டிங் என்கிறார்கள். காற்றில் உராய்ந்து சேரும் மின்னூட்டம் ஓரிடத்தில் தேங்கிப் பொறியாகக் கூடாது; மின்னல் தாக்கினால் அது தடையில்லாமல் கடந்து போக வேண்டும். இத்தகைய ஓர் இணைப்பின் மின்தடை 0.003 ஓமுக்கு மேல் போகக் கூடாது என்பது அதே வழிகாட்டியின் விதி.

உங்கள் பள்ளியிலுள்ள மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அது மீட்டரின் சொந்தக் கம்பிகளின் மின்தடை. அதைக்கொண்டு 0.003 ஓமைத் தேடுவது, யானையின் முதுகில் எறும்பை ஏற்றி இரண்டையும் சேர்த்து நிறுத்து எறும்பின் எடையைச் சொல்வது போன்றது.

இதற்கு நான்கு கம்பிக் கருவி. இரண்டு கம்பிகள் இணைப்பின் வழியே 10 ஆம்பியரைச் செலுத்துகின்றன. அந்தக் கம்பிகளிலும் மின்னழுத்தம் விழும்; விழட்டும். வேறு இரண்டு கம்பிகள் இணைப்பின் இரு பக்கத்தையும் தனியே தொட்டு மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கின்றன. வோல்ட்மீட்டர் மின்னோட்டம் எடுப்பதில்லை என்பதால் இந்தக் கம்பிகளின் மின்தடை கணக்கில் வருவதில்லை. 30 மில்லி வோல்ட் வந்தால் 0.003 ஓம். தொடரில் அம்மீட்டர், பக்கத்தில் வோல்ட்மீட்டர்: நாம் ஓம் விதிச் சோதனைக்குக் கரும்பலகையில் வரையும் அதே படம்தான் இது!

இதற்கு நேர் எதிரான வேலை மின்காப்பைச் சோதிப்பது. கம்பியின் உறை சரியாக இருந்தால் பல மெகா ஓம் காட்ட வேண்டும். ஒன்றரை வோல்ட் மின்கலம் கொண்ட ஓம்மீட்டரால் நைந்த உறையைக் கண்டுபிடிக்க முடியாது. 250 அல்லது 500 வோல்ட் கொடுத்து 'அழுத்திப்' பார்க்க வேண்டும். அதற்குத்தான் மெகர். கொடுப்பதற்கு முன் அந்தச் சுற்றிலுள்ள மின்னணுப் பெட்டிகளையெல்லாம் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் சோதனையே அவற்றைக் கொன்றுவிடும்.

உறை நைவது எவ்வளவு பெரிய விஷயம்? 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட டிடபிள்யூஏ 800 என்ற போயிங் 747 விமானம் நடுவானில் வெடித்தது. அதிலிருந்த 230 பேரும் இறந்தனர். நடுச் சிறகுத் தொட்டியிலிருந்த எரிபொருள் ஆவி தீப்பற்றியதே காரணம். தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் 2000இல் வெளியான அறிக்கை, தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட குறுக்குச் சுற்றின் வழியாக அதிக மின்னழுத்தம் எரிபொருள் அளவு காட்டும் கருவியின் கம்பிகளில் ஏறித் தொட்டிக்குள் போயிருக்க வாய்ப்பு மிகுதி என்றது. பொறி எழாதபடி மிகக் குறைந்த ஆற்றலில் இயங்குமாறு வடிவமைத்த அளவிடும் கருவியின் கம்பி அது. அதிக மின்னழுத்தக் கம்பிகளோடு ஒரே கற்றையில் போனது.

வகுப்பில் செய்து பார்க்க

இரண்டு டார்ச் மின்கலங்கள், இழை உள்ள ஒரு டார்ச் பல்பு, பல்பு தாங்கி, இரு முனையும் சீவிய ஒரு பென்சில், மல்டிமீட்டர். இவை போதும். எல்இடி விளக்கு வேண்டாம். அது எடுக்கும் மின்னோட்டம் குறைவு, வேறுபாடு தெளிவாகத் தெரியாது. பென்சிலை அரித்துப்போன இணைப்பியாக நினைத்துக்கொண்டு சுற்றில் தொடராக வையுங்கள். 2பி, 4பி போன்ற மென்மையான பென்சில் நல்லது.

பல்பைக் கழற்றிவிட்டு, தாங்கியின் முனைகளில் மீட்டரை வைத்துக் காட்டுங்கள். ஏறத்தாழ 3 வோல்ட் வரும். "பல்பை மாட்டினால் எப்படி எரியும்?" என்று கேட்டு, விடையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருவர் விடாமல் 'பிரகாசமாக' என்று எழுதினார்கள். மாட்டியதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. பிறகு பல்பின் மீது எவ்வளவு, பென்சிலின் மீது எவ்வளவு என்று அவர்களையே அளக்க விட்டுக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு எரியும்போது மின்கலங்களின் மின்னழுத்தத்தையும் அளந்து, அதோடு ஒப்பிட வேண்டும்.

முள் மீட்டர் பயன்படுத்தினால், இணைக்கும் முன்பே முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹேங்கரில் ஒவ்வொரு மீட்டரிலும் அடுத்த அளவுத்திருத்தத் தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். தேதி கடந்த கருவியைத் தொடக் கூடாது. நம் அலமாரியில் இருக்கும் மீட்டர்களுக்கு அப்படி ஒரு சீட்டு ஒட்டினால் எத்தனை தேறும் என்று தெரியவில்லை.

மின்னோட்டத்தையும் அளந்து முடித்ததும், மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றியாயிற்றா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த குழு வந்ததும் நேரே மின்கலத்தின் முனைகளில்தான் வைக்கும். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு மின்னுருகு இழை இருப்பதில்லை.