வேர் தேடும் பிள்ளைகளுக்கு

இங்கிலாந்தில் அரிய குடும்பப் பெயர் கொண்டவர்கள் 1881 குடிசன மதிப்பீட்டை எடுத்து, அந்தப் பெயர் எந்தப் பக்கம் செறிந்திருக்கிறது என்று பார்த்தே பூர்வீகத்தை ஊகித்துவிடுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அந்த வழி இல்லை. அப்பாவின் பெயரே நமக்கு முதலெழுத்து. தலைமுறைதோறும் அது மாறும். ஆகவே ஊரையும் உறவையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

1. லயத்திலுள்ள மூத்தவர்களிடம் இந்த மாதமே போய் உட்காருங்கள். காகிதம் காத்திருக்கும், அவர்களால் காத்திருக்க முடியாது.

2. நம் முன்னோர் எந்தப் பெரிய கங்காணியோடு இந்தியாவிலிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊராரையும் உறவினரையுமே திரட்டி வந்தார்கள். அவர் ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் தூரமில்லை.

3. குலதெய்வத்தை அதன் ஊரோடு எழுதுங்கள். மதுரைவீரன் என்று மட்டும் எழுதினால் துப்பாகாது. எந்த ஊர் மதுரைவீரன் என்பதே துப்பு.

4. பழைய ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடாதீர்கள். பாட்டன் சொன்ன திருச்சி ஜில்லா இன்று பெரம்பலூராக இருக்கலாம். சேலம் ஜில்லா நாமக்கல்லாக இருக்கலாம். புதுக்கோட்டையோ 1948 வரை தனிச் சமஸ்தானம்.

5. டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி போட்ட குடியுரிமை விண்ணப்பம், இந்தியக் கடவுச்சீட்டு எதையும் விடாதீர்கள். ஒரே ஆளின் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். எழுத்து வேறாக இருப்பதால் ஆள் வேறு என்று தள்ளிவிடாதீர்கள்.

6. பாட்டிமார் வழியையும் தேடுங்கள். கொழுந்து பறித்துக் குடும்பத்தைக் காத்த பெண்ணின் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயருக்குள் மறைந்துபோகும். அவள் பிறந்த தோட்டத்தையும் டிவிசனையும் குறியுங்கள்.

7. பிரிந்த கிளைகளைத் தேடுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். உங்கள் சொந்தம் கூடலூரிலோ கோத்தகிரியிலோ கொழுந்து பறிக்கலாம். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சி போனவர்களும் உண்டு.

8. கடன், சாதி, பசி, எது தெரியவந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் அதை வைத்து யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டாம்.

9. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த வழியில் வாந்திபேதியில் மாண்டவர்கள் ஏராளம். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் உறவுமுறையைச் சொல்லி எழுதுங்கள். அந்த வரியும் சேர்ந்தால்தான் அது நம் குடும்ப வரலாறு.