தவளைக் கண்ணும் பதினெட்டு வரிசையும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



வகைப்பாடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பட்டியல்தான். ஆனால் அது கண்ணாலும் கையாலும் பொறுமையாலும் செய்யும் வேலை. கல்லாகிப்போன ஒரு சிற்றுயிரைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

டிரைலோபைட்டுகள் பழங்காலக் கடல்களில் வாழ்ந்த கணுக்காலிகள். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு மறைந்தன. முதுகு ஓடு நீளவாக்கில் நடுமேடு, இடப்பக்கம், வலப்பக்கம் என மூன்று கூறுகளாக இருப்பதால் இப்பெயர் வந்தது. தலை, மார்பு, வால் என்னும் பிரிவால் வந்த பெயர் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

1832-இல் அமெரிக்கரான ஜேக்கப் கிரீன், புடைத்த கண்களை உடைய ஒரு டிரைலோபைட்டுக்கு 'ரானா' என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் ரானா என்றால் தவளை! பின்னர் அது ஃபேக்கோப்ஸ் என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது.

ஒரு புதைபடிவத்தை விவரிப்பவர் தலையின் வடிவம், அதன் மேலுள்ள பருக்கள், மார்புக் கண்டங்களின் எண்ணிக்கை, வால் தகடு, கண்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வுயிர்கள் நண்டைப் போல் சட்டை உரித்து வளர்ந்தவை. ஆகவே சிறிய ஓடு கிடைத்தால் அது வேறு இனம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. அது குட்டியாகவும் இருக்கலாம். கிடைத்த இடமும் பாறை அடுக்கும் எழுதிய சீட்டும் உடன் இருக்க வேண்டும். சீட்டுத் தொலைந்த கல் முகவரி இல்லாத கடிதம் போன்றது.

நியூயார்க் நகரிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், இந்தத் தவளைக்கண் இனத்தின் மாதிரிகளை ஏராளமாகத் திரட்டி அளந்தார். காலப்போக்கில் உடல் சிறிது சிறிதாக மாறியிருக்கும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பு. ஆனால் பல இலட்சம் ஆண்டுகள் கடந்தும் ஓடு ஏறக்குறைய அப்படியே இருந்தது. தெளிவான வேறுபாடு கண்ணில்தான் தெரிந்தது. கண் வில்லைகள் மேலிருந்து கீழாக நெடுவரிசைகளில் அமைந்திருந்தன. பழைய வடிவத்தில் 18 வரிசைகள். அடுத்து வந்ததில் 17. அதற்கும் பின்னர் 15. மாற்றம் சீராக நிகழாமல், நெடுங்காலம் நின்று, பிறகு விரைவாக நிகழ்ந்தது என்று அவர் முடிவு செய்தார். 1972-இல் ஸ்டீபன் ஜே கூல்டுடன் சேர்ந்து இக்கருத்தை வெளியிட்டார். 1990-இல் இவ்வினம் இடம்பெற்ற புதிய பேரினத்துக்கு அவர் நினைவாகவே 'எல்ட்ரெட்ஜியாப்ஸ்' என்று பெயர் சூட்டப்பட்டது.

தோழியரே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு பத்துப் புளிய இலைகளில் சிற்றிலைகளை எண்ணி எழுதச் சொன்னார் அறிவியல் சிஸ்டர். நான் மூன்றை எண்ணிவிட்டு மீதி ஏழுக்கும் அதே எண்ணிக்கையை எழுதினேன், பாராட்டும் பெற்றேன். எல்ட்ரெட்ஜும் அவ்வாறு எதிர்பார்த்ததையே எழுதியிருந்தால் அந்தக் கண்கள் தம் கதையைச் சொல்லியிருக்குமா?

இவ்வாண்டு பத்து இலைகளையும் எண்ணினேன். எல்லாம் ஒன்றுபோல் இல்லை.